குதிரைப் பெட்டிக்குள் மாப்பிள்ளை

என் மாமனார் குதிரை வாங்கப் போகவில்லை, தகரம் வாங்கத்தான் போனார். கல்முனையில் காணிவல் என்று களியாட்டக் கொட்டகை போட்டவர்கள் மழையில் நனைந்து, சனம் வராமல் நொந்து, கொட்டகையைப் பிரித்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நெல் அடுக்கும் கொட்டிலுக்குக் கூரை போடலாம் என்று கிளம்பினார். அங்கே யாரோ ஒருவர் பகிடியாக, "போடியாருக்கு என்னத்துக்குக் குதிரை?" என்று கேட்டிருக்கிறார். வயற்காணி நிறைய உள்ளவரை எங்கள் பக்கத்தில் போடியார் என்போம். ஒரு போடியாரிடம் உனக்கு என்னத்துக்கு என்று கேட்டால் அவர் கடலையும் வாங்கிவிடுவார். பின்னேரம் தகரம் வரவில்லை. குதிரை வந்தது.

பெரிய குதிரை என்று நினைத்துவிட வேண்டாம். என் நெஞ்சளவு உயரமுள்ள சாம்பல் நிற மட்டக்குதிரை. காணிவலில் பிள்ளைகளைச் சுமந்து வட்டமாக நடந்தே பழகியது, எங்கள் வளவிலும் கிணற்றைச் சுற்றி வட்டமாகத்தான் நடந்தது. எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் பெண் வீடு மாறுவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவார். நான் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆக, குதிரை வந்த அன்று, அந்த வளவில் கட்டிப் போட்டுத் தீன் வைக்கப்படும் உயிர்கள் இரண்டாயின. இதில் குதிரைக்காவது கனைக்க அனுமதி இருந்தது. நான் அந்த எட்டு மாதத்தில் குரலை உயர்த்தியதே இல்லை. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட அதை என் நாக்கின் குறையாக எடுத்துக்கொண்டேன்.

குதிரையின் முன் இடது குளம்பு வெடித்திருந்தது. பார்க்க வந்த மிருக வைத்தியர், கடற்கரை மணலும் தார் ரோட்டும் இதற்குச் சரிவராது, மெத்தென்ற புல்தரையில் விடுங்கள், நடத்திக் கொண்டு போகாதீர்கள், இந்தக் காலை மடித்து விழுந்தால் கால் முறியும், கால் முறிந்த குதிரையை யாராலும் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். புல்தரை என்றால் இறக்காமத்தில் மாமனாரின் வயல்வாடி, காவல் குடிசை நிற்கிற இடம்தான். அது குளக்கட்டுக்கு அந்தப் பக்கம். உழவு மெசின் வேகத்தில் போனால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும்.

என் மனைவி அதற்குள் அந்தக் குதிரையோடு ஒட்டிவிட்டாள். காலையில் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்து ஊட்டுவாள். எனக்குப் பாண் மட்டும் வரும். வைத்தியர் போன அன்று பின்னேரம் அவள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"வாப்பா உங்களத்தான் கேப்பார், எதுல கொண்டு போறண்டு. சரியாச் சொல்லுங்க. அதுட கால் உடைஞ்சா நான் உங்கட முகத்தப் பாக்க மாட்டன்."

அவள் பகிடி விடும் ஆள் அல்ல. அந்த வீட்டில் பகிடி என்னுடைய இலாகா.

அவள் சொன்னபடியே அஸர் தொழுகைக்குப் பிறகு மாமனார் என்னைக் கூப்பிட்டார். மருமகன் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள், எது பாதுகாப்பு என்று அவரே சொல்லட்டும் என்று முற்றத்தில் அறிவித்தார். நான் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். நெல் ஆலை லொறி ஆள் உயரம், வெடித்த குளம்போடு குதிரை அதிலிருந்து குதிக்கக் கூடாது. சொந்தக்காரர் ஒருவரின் பழைய கார், ஆள் ஏறினாலே பின்பக்கம் தரையைத் தொடும், அதில் இழுவைப் பெட்டியைக் கொழுவினால் குதிரைதான் காரைக் காப்பாற்ற வேண்டி வரும். மிச்சம் இரண்டு. ஒன்று மாமனாரின் சின்ன மெசின், இரண்டு சில்லுள்ள கை உழவு இயந்திரம். பின்னால் பெட்டியைக் கொழுவி, பெட்டியின் முன்பலகையில் இருந்து, நீண்ட கைபிடிகளைப் பிடித்து ஓட்டுவார்கள். மற்றது நாலு சில்லுப் பெரிய மெசின். நல்ல கனம், நல்ல பிரேக்.

இழுப்பது பெரிய விசயமல்ல, இழுத்ததை நிறுத்துவதுதான் விசயம் என்று எனக்குத் தெரியும். இழுபடுவதைவிட இழுப்பது கனமாக இருக்க வேண்டும் என்றும் தெரியும். பெரிய மெசின்தான் என்று கொப்பியில் எழுதிக் கீழே கோடும் போட்டேன். ஆனால் அந்தப் பெரிய மெசின் அடுத்த ஒழுங்கையில், மாமனாரின் தம்பி வீட்டில் நின்றது. வாய்க்கால் தண்ணீர் முறையில் பிணங்கி ஆறு வருடமாக அண்ணனும் தம்பியும் கதைப்பதில்லை. பெருநாளுக்குப் பள்ளிவாசலில் ஒரே வரிசையில் தொழுதுவிட்டு, ஸலாமை மட்டும் எதிர்ப்பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

மாமனார் என்னைக் கேட்டபோது சின்ன மெசினைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவுகிறவர் கையில் துணி இருந்தது, கண் என்மேல் இருந்தது. முடிவு எப்போதோ முடிந்துவிட்டது, அதற்கு ஒரு சாட்சிக் கையெழுத்துத்தான் வேண்டும் என்று விளங்கியது. கொப்பியை மூடினேன். சின்ன மெசின்தான் பாதுகாப்பு மாமா, மெதுவாகப் போகும், பெட்டியும் தரையோடு பதிவு என்றேன். பொய் சொல்லும்போது விஞ்ஞானம் எவ்வளவு சரளமாக வருகிறது என்று நானே வியந்தேன்.

மனச்சாட்சிக்காக ஒரு பரீட்சை வைத்தேன். பெட்டியில் எட்டு மூட்டை நெல்லை ஏற்றினோம். அது குதிரையின் கனத்தைவிட இரண்டு மடங்கு இருக்கும். சாய்ந்தமருது வரை போய்த் திரும்பினோம். மெசின் முணுமுணுக்கவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பாரத்தையும் நெல் மூட்டையால்தான் அளப்போம், ஆகவே எல்லோருக்கும் திருப்தி. மனைவி மட்டும் படியில் நின்று பார்த்தாள்.

"மூட்டைக்குக் கால் இல்லியே" என்றாள்.

நான் சிரித்துச் சமாளித்தேன்.

அடுத்த நாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு குதிரையை ஏற்றினோம். அது பெட்டிக்குள் நின்று நடுங்கியது. பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு ஆள் வேண்டும் என்று மெசின் ஓட்டுகிறவர் சொன்னார். அவர் மாமனாரிடம் பல வருடம் வேலை செய்யும் நடுவயது மனிதர். மாமனார் யோசிக்கவே இல்லை. பாதுகாப்பு என்று சொன்ன ஆளே நிற்கட்டும் என்றார். ஏறினேன். பெட்டிக்குப் பின்கதவு கிடையாது, நாலு பலகையைக் குறுக்கே வைத்து ஆணி அடித்தார்கள். "சேர், கைய எடுங்க" என்று ஒவ்வொரு ஆணிக்கும் ஓட்டுநர் மரியாதையாகச் சொன்னார். பதினாறு ஆணி. எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

மாமனார் முன்பலகையில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். நல்ல கனமான மனிதர். அவர் இருந்ததும் பெட்டி ஒரு தரம் முன்னுக்குக் குனிந்து எழும்பியது.

அந்தப் பயணத்தை நான் முழுக்கச் சொல்லப் போவதில்லை, என்னிடம் படித்த பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த இடம் முன்மூலையில் ஒரு முழம். குதிரையின் கழுத்து என் தோளில், அதன் மூச்சு என் காதில். குந்தினால் அது மிதிக்கும், நிமிர்ந்தால் ஊர் பார்க்கும். சாய்ந்தமருதுச் சந்தியில் மெசின் இரைந்து நின்றபோது மீன் வாங்க நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர் சாவகாசமாகக் கிட்ட வந்து, பலகை இடுக்கால் என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ள குதிரையில போறதக் கண்டிரிக்கம் போடியார். குதிரையோட பெட்டிக்குள்ள போறத இப்பதான் காணுறம். இதுல எது திரும்பி வாறது?"

மாமனார் முன்னால் பார்த்தபடியே, தீர்மானிக்கவில்லை என்றார். நானும் சிரித்தேன். எட்டு மாதத்தில் அதில் எனக்கு நல்ல பழக்கம்.

மேற்கே திரும்பி, சம்மாந்துறை வெளியால் போகையில் காற்று வந்தது. எங்கள் பக்கம் தட்டையான பூமி. அங்கே மெசின் ஓட்டுகிறவனுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதனால்தான் என்னுடைய பரீட்சையும் தேறியது. இறக்காமத்துக் குளக்கட்டை நிமிர்ந்து பார்த்தபோதுதான், பரீட்சையில் கேட்காத கேள்வி இது என்று தெரிந்தது.

குளக்கட்டில் ஏறத் தொடங்கியதும் மெசின் திணறியது. மாமனார் நல்ல மனதோடு, பாரம் குறையட்டும் என்று முன்பலகையில் இருந்து குதித்தார். அந்தக் கணத்தில் குதிரை சரிவுக்குப் பயந்து ஒரு அடி பின்வைத்தது. அவ்வளவுதான். பெட்டியின் பின்பக்கம் தாழ்ந்தது, முன்பக்கம் எழும்பியது, கைபிடிகள் ஓட்டுநரின் தாடைக்கு வந்தன. மாமனாரின் உடம்புதான் அதுவரை எங்களைத் தரையில் வைத்திருந்த பாரம் என்பது அப்போது எனக்கு விளங்கியது. ஒன்பதாம் வகுப்புக்கு நெம்புகோல் படிப்பிக்கிறவன் நான். கரும்பலகையில் எத்தனையோ தடவை கீறியிருக்கிறேன். அந்தப் படத்துக்குள் நானே நிற்பேன் என்று கீறவில்லை.

குதிரையின் முன்கால் சறுக்கி முழங்கால் மடிந்தது. வெடித்த குளம்பு உள்ள கால். நான் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்து, முதுகைப் பலகையில் கொடுத்துத் தாங்கினேன். மனைவியின் முகம்தான் முன்னுக்கு வந்தது. ஓட்டுநர் சில்லுக்குக் கல் வைத்தார். மாமனார் ஓடிவந்து மறுபடி ஏறி இருந்தார். குதிரை மெல்லக் காலை ஊன்றி எழும்பியது. ஊர்ந்து ஊர்ந்து கட்டின் உச்சிக்கு வந்து நின்றோம். அந்தப் பக்கம் இறக்கம், ஏறியதைவிடச் சரிவு. ஓட்டுநர் பலகைக்கு மேலால் தலையை நீட்டி மெதுவாகச் சொன்னார்.

"சேர், இதுக்குப் பிரேக் எண்டு ஒண்டும் இல்ல. பெட்டி பின்னால தள்ளினா திருப்புறது தலைகீழ், இடக்கைப் பிடியப் பிடிக்க மெசின் வலக்கைப் பக்கம் போகும். வலக்கைப் பக்கம் குளம்."

கீழே வயலில் பெரிய மெசின் உழுதுகொண்டிருந்தது. மாமனாரின் தம்பியின் மெசின். எங்களைக் கண்டு அதை நிறுத்திவிட்டு அவர் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. மாமனாரும் கண்டார். உடனே வானத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யானை இறங்குகிற நேரம் ஆகிறது, பிஸ்மி சொல்லி இறக்கு என்று ஓட்டுநருக்குச் சொன்னார்.

"மாமா, நான் சொன்னது பிழை" என்றேன். "இந்த மெசின் சரிவராது. எனக்கு அப்பவே தெரியும்."

அவர் திரும்பினார். "தெரிஞ்சா ஏன் சொல்லல்ல?"



பயம் என்றால் இறங்குங்கள், குதிரை தனியாக வரட்டும் என்றார். ஆணி அடித்திருக்கிறது என்றேன். ஆணியைக் கழற்று என்று ஓட்டுநரைப் பார்த்தார். குறடு வீட்டில் இருக்கிறது என்று ஓட்டுநர் தரையைப் பார்த்துச் சொன்னார். குதிரையை விட்டு ஏறிக் குதிக்கலாம்தான். நான் கையை விட்டால் அது மறுபடியும் பின்வைக்கும்.

 குதிரையின் நெஞ்சு நடுங்குவது என் வயிற்றில் தெரிந்தது. பலகை இடுக்கால் மாமனாரின் முதுகைப் பார்த்தேன். அவர் தம்பியைக் கூப்பிட மாட்டார். காலமெல்லாம் நின்றாலும் மாட்டார். ஓட்டுநர் கூப்பிட்டால் நாளைக்கு அவருக்கு வேலை இல்லை. நான் கூப்பிட்டால் எனக்கு என்ன இல்லாமல் போகும் என்று ஒரு கணக்குப் போட்டேன். அந்த வீட்டில் எனக்கு ஒரு மூலை இருந்தது. இங்கேயும் ஒரு மூலை இருந்தது. பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வாயைத் திறந்தேன்.

"சின்ன மாமோ!"

எட்டு மாதம் சேர்த்து வைத்த சத்தம் அது. குளத்தில் இருந்த கொக்கெல்லாம் எழும்பின. மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை. இத்தனைக்கும் குதிரை அசையவில்லை.

பெரிய மெசின் கட்டில் ஏறி வந்தது. சின்ன மாமா இறங்கினார், அண்ணனைப் பார்க்கவில்லை, நேரே என்னிடம் வந்தார்.

"என்ன மருமகன், உள்ளுக்குப் போட்டு அடைச்சிட்டாங்களா?"

"ஓம் மாமா."

அவர் தன் மெசினில் இருந்து கடப்பாரையை எடுத்தார். கடப்பாரையால் பலகைகளை நெம்பினார். குதிரை கொண்டு போகும்போது கூட ஆள் நிற்பதில்லை, மிதிபட்டால் குதிரைக்கும் கூடாது ஆளுக்கும் கூடாது என்று சொல்லி, அதன் தலையை இரண்டு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டி, என்னை வெளியே இறக்கினார். பின்னுக்கு வைக்க இடமில்லாதபடி பலகையை முன்னுக்குத் தள்ளி அடித்தார். சின்ன மெசினைக் கழற்றி, பெட்டியின் கொக்கியைத் தன் மெசினில் மாட்டி, பூட்டாணி கழன்றுவிடாமல் கம்பியால் சுற்றினார். நான் கொப்பியில் எழுத வேண்டியதையெல்லாம் அவர் கால் மணித்தியாலத்தில் கையால் எழுதி முடித்தார்.

நான் பின்னால் நடந்து வருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யாரோடும் ஒட்டாமல் நடக்க ஆசை. ஆனால் மாமனார் பெரிய மெசினின் ஒரு பக்கத்து மட்கார்டில் ஏறி இருந்துகொண்டு, தொண்டையைச் செருமினார்.

"மருமகன், இதுல வந்து இரிங்க. அவருட்டச் சொல்லுங்க, மெதுவா இறக்கச் சொல்லி."

சின்ன மாமா அவருக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தார். "மெதுவாத்தான் இறக்கிறனெண்டு சொல்லுங்க மருமகன்" என்றார்.

மற்றப் பக்கத்து மட்கார்டில் ஏறினேன். கீழ்க் கியரில், பிரேக்கை மிதித்து மிதித்து, பெட்டி ஒரு தரமும் தள்ளாமல் இறங்கினோம். வாடிக்குப் பக்கத்தில் சாய்வாகப் பலகை போட்டு, குதிரையை நடத்தி இறக்கினார்கள். அது நாலு காலையும் புல்லில் ஊன்றி, தலையைக் குனிந்தது. அந்தக் குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். வெடிப்பு வெடிப்பாகவே இருந்தது, பெரிதாகவில்லை. வீட்டுக்கு இந்த முகத்தைக் கொண்டு போகலாம் என்று ஆறுதல் வந்தது.

அதற்குள் மெசினில் இருந்த இருவருக்கும் இடையில் வேறு கதை தொடங்கியிருந்தது. போன போகத்தில் இரவில் மடையைத் திறந்தது யார் என்று அவரிடம் கேளுங்கள் என்றார் மாமனார், மருமகன் என்று கூப்பிட்டு. அதற்கு முந்தின போகத்தில் வரம்பை வெட்டியது யார் என்று கேளுங்கள் என்றார் சின்ன மாமா, அதே பெயரைச் சொல்லி. ஆறு வருடத்துத் தண்ணீர் இருந்தது அவர்களிடம். நான் புல்லில் நின்றபடி இங்கே பார்த்தும் அங்கே பார்த்தும் எடுத்துச் சொன்னேன். பிறகு மெதுவாகக் குதிரையின் பக்கம் நகரப் பார்த்தேன்.

"நில்லுங்க மருமகன்" என்றார்கள், இரண்டு பேரும் ஒன்றாக.

நின்றேன். குதிரை கயிறில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தது.