படுக்கை விரிப்பில் கிடந்த என்ஜின்

அண்ணாவின் கராஜ் ஒரேயொரு காரை மனதில் வைத்துக் கட்டியது. அந்தக் காரிலிருந்து இறங்குகிறவனும் மெலிந்தவனாக இருக்க வேண்டும். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில் அந்த வீடு இருக்கிறது. இரண்டு பக்கமும் அடுக்குமாடிப் பிளட்டுகள் எழும்பிவிட்டன. நடுவில் அண்ணாவின் ஓட்டு வீடு மட்டும், விழாமல் மிஞ்சின ஒற்றைப் பல்லு மாதிரி நிற்கிறது. காணி கேட்டு வருகிற பில்டர்மாரை அண்ணா நேரே கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போவார். கார்புரேட்டரைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பார். வந்தவன் தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் ஓடிவிடுவான்.

உள்ளே நின்றது ஒரு நாலு கதவு மைனர் கார், பழைய ஸ்ரீ எழுத்து நம்பர் தகடு. கலியாணத்துக்கு முந்தின வருடம் வாங்கினார். வாங்கின நாளிலிருந்து அவருக்கு அது போதவில்லை. அதனுடைய சொந்த என்ஜினைக் கழற்றிவிட்டு, பழைய பார்ட்ஸ் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்த ஒரு ஜப்பான் என்ஜினை உள்ளே இறக்கினார். பொனட் மூட மறுத்தது, தகட்டை வெட்டி ஒட்டினார். கியர்பெட்டி இடம் கேட்டது, காலடித் தகட்டை அடித்து இடம் கொடுத்தார். பார்வைக்குச் சாதுவான கிழக் கார், ஆனால் ஸ்டார்ட் பண்ணினால் ஒழுங்கையில் இருக்கிற நாய்கள் எல்லாம் எழும்பும். காலி வீதிச் சிக்னலில் பெரிய ஜீப் ஏதாவது பக்கத்தில் வந்து நின்றால் அண்ணாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பச்சை விழுந்ததும் ஜீப்காரன் எங்களுடைய பின் பம்பரைத்தான் பார்ப்பான்.

எங்களுடைய என்று சொன்னாலும் எனக்கு அதில் பின் சீட்தான். முன் சீட் அண்ணியுடையது. வெள்ளிக்கிழமைகளில் அண்ணா அவவை முன்னுக்கு ஏற்றிக்கொண்டு பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போவார். அண்ணி தலையில் பூ வைத்து, மடியில் அர்ச்சனைத் தட்டோடு, ராணி மாதிரி இருப்பா. அவ வராத நாளிலும் என்னை முன்னுக்கு விடமாட்டார். "அது அவவின்ர இடமடா, நீ பின்னால ஏறு" என்பார். டக்சியில் போகிறவன் மாதிரி நான் பின்னுக்கு ஏறுவேன். வழியில் தெரிந்தவர்கள் கண்டால் வெட்கமாக இருக்கும்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து அண்ணா வீட்டுக்கு வருவேன். கராஜில் என்னுடைய வேலை டோர்ச் பிடிப்பது. சின்ன வயதில் கிடைத்த அந்த உத்தியோகத்தில் தலை நரைத்த பிறகும் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. அண்ணி கராஜ் வாசலைத் தாண்டவே மாட்டா. மண்ணெண்ணெய் மணம் தலையிடி தரும் என்பா. தேத்தண்ணீரைக் குசினி ஜன்னலால் நீட்டுவா.

பெட்ரோல் வரிசைக் காலத்தில் கார் அப்படியே நின்றது. கடற்காற்று சும்மா இருக்குமா? வரிசை எல்லாம் முடிந்து ஒரு நாள் திறப்பைத் திருகினபோது என்ஜின் இறுகிப் போயிருந்தது. "முழுக்கக் கழட்டோணும்" என்றார் அண்ணா. சொல்லும்போது சந்தோசமாகத்தான் இருந்தார்.

அந்த நாட்களில்தான் அவருக்குச் சொற்கள் தவறத் தொடங்கின. ஸ்பனரைக் காட்டி "அதை எடு, அந்த... அதை" என்பார். வயது என்று நினைத்தோம். ஒரு நாள் பஞ்சிகாவத்தையில், வழக்கமாகப் போகிற பார்ட்ஸ் கடையில், முதலாளி "அய்யே, மொனவாத ஓனே?" என்று கேட்டான். என்ன வேணும் என்ற சாதாரணச் சிங்களக் கேள்வி. அண்ணா என்னுடைய முகத்தைப் பார்த்தார். என்ன வாங்க வந்தோம் என்று எனக்கும் தெரியாது. ஒரு டின் பிரேக் ஒயில் வாங்கிக்கொண்டு திரும்பினோம். பஸ்ஸில் அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

டொக்டர் நோயின் பெயரைச் சொன்னார். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், ஆட்களையும் மறப்பார், இனிக் கார் ஓட்டக் கூடாது என்றார். முழுவதையும் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தத் திரையைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணி மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தா.

வீட்டுக்கு வந்ததும் அண்ணா நேரே கராஜுக்குப் போனார். அங்கே சீமெந்துத் தரையில், அண்ணியின் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு விரித்திருந்தது. அதன் மேல் அந்த என்ஜின் முழுவதும் கிடந்தது. கழற்றின ஒவ்வொன்றையும் அது என்ஜினுக்குள் எங்கே இருந்ததோ அதே வரிசையில் வைத்திருந்தார். ஒழுங்கைப் பக்கம் முன்பக்கம், குசினிப் பக்கம் பின்பக்கம். அவர் எப்போதும் அப்படித்தான். குறித்து வைக்கிற பழக்கம் இல்லை. வால்வுகளையும் அவற்றைத் தள்ளுகிற தடிகளையும் காட்டி எனக்குச் சொன்னார்:

"பார்க்க எல்லாம் ஒரே மாதிரித்தான் கிடக்கும். ஆனா ஒவ்வொண்டும் தன்ர தன்ர குழியில தேய்ஞ்சு பழகினது. இடம் மாத்திப் பூட்டினா சத்தம் போடும். இப்பிடியே கிடந்தா எனக்கு யோசிக்கத் தேவையில்லை. கை தானாப் பூட்டும்."

பிறகு குசினி ஜன்னல் பக்கம் திரும்பினார். அண்ணி அங்கே நின்றா.

"இஞ்சேரும், இதைப் பூட்டி முடிச்சு, உம்மை நான் மறக்கிறதுக்கு முதல், முன் சீட்டில வச்சுக் கோயிலுக்குக் கொண்டு போவன். தம்பி ஓட்டட்டும். நான் பின்னால இருக்கிறன், பரவாயில்லை."

"முதல்ல வந்து சாப்பிடுங்கோ" என்றா அண்ணி. ஆனால் அந்த வாக்கை அவ பிடித்துக்கொண்டுவிட்டா. ஒவ்வொரு ஞாயிறும் நான் புறப்படும்போது கேட்டுக்கு வந்து, "எவ்வளவு முடிஞ்சுது தம்பி?" என்று கேட்பா. அண்ணாவின் கையும் சொன்னபடிதான் செய்தது. வாய் தடுமாறினாலும் விரல் சரியான துண்டைப் போய் எடுத்தது. கார்த்திகை விளக்கீட்டுக்குள் முடித்துவிடுவார் என்று நான் கணக்குப் போட்டேன்.

இடையில் ஆயுத பூசை வந்தது.

வருடா வருடம் அண்ணாதான் தன்னுடைய ஸ்பனர்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்பார். அந்த வருடம் அவர் டிவிக்கு முன்னால் கதிரையில் இருந்தார், எழும்பவில்லை. பூசை நடக்காமல் போனால் கார் ஓடாதோ என்று அண்ணிக்குப் பயம். வேறு எதற்கும் இல்லை, அந்தப் பயத்துக்காகத்தான் அவ முதல் தடவையாகக் கராஜுக்குள் போனா. மூக்கில் சேலைத் தலைப்பைக் கட்டிக்கொண்டு, ஸ்பனர்களை மட்டுமல்ல, விரிப்பில் கிடந்த அத்தனை துண்டுகளையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் குவித்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தா. ஊத்தை விரிப்பையும் தோய்த்துக் கொடியில் போட்டா.

அடுத்த நாள் நான் போனபோது கராஜில் கற்பூரம் மணத்தது. "எல்லாம் பளிச்செண்டு செய்து வச்சிருக்கிறன் தம்பி, இண்டைக்கு விஜயதசமி, நல்ல நாள், தொடங்குங்கோ" என்றா. முகமெல்லாம் சிரிப்பு. அண்ணா என்னைத் தாண்டி உள்ளே போனார். தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு குந்தியிருந்து, வெறும் சீமெந்துத் தரையில் இரண்டு கையாலும் தடவினார். இருட்டில் மூக்குக்கண்ணாடி தேடுகிறவர் தடவுகிற மாதிரித் தடவினார்.

"இஞ்சதானே கிடந்தது" என்றார். பிறகும் அதையே சொன்னார். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறந்துவிட்டேன். அண்ணியின் விரல் நுனியில் காய்ந்த சந்தனம் இருந்தது. அதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டேன். அவவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கினதும் ஓடிப் போய்க் கொடியிலிருந்து விரிப்பை இழுத்துக்கொண்டு வந்தா. நல்ல காலம், கிறீஸ் கறை லேசில் போகாது. மங்கலாக, வட்டமும் நீட்டுமாய் அடையாளங்கள் இருந்தன. மூன்று பேரும் முழங்காலில் நின்று, துண்டுகளைக் கறையோடு பொருத்திப் பார்த்தோம். பெரியவை தங்கள் இடத்துக்குப் போய்விட்டன. ஆனால் வால்வுகளும் தடிகளும் ஒரே அளவு, ஒரே கறை. அண்ணா ஒன்றை எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், வைத்துவிடுவார். கை தேடிக்கொண்டேயிருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் தானாக ஸ்பனரைத் தொடவில்லை.

மிச்சத்தை நாங்கள்தான் செய்தோம், டோர்ச் பிடிக்கிறவனும் மண்ணெண்ணெய் மணம் ஒத்துக்கொள்ளாதவவும். போனில் வீடியோ போட்டு, அதை ஒயில் டின்னில் சாய்த்து வைத்துப் பார்த்துப் பார்த்து வேலை செய்தோம். இடம் மாறின வால்வுகளைப் பசை பூசி, அந்தந்தக் குழிக்குப் புதிதாகத் தேய்த்துப் பழக்க வேண்டுமாம். வால்வில் ஒட்டின மரப்பிடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். "தயிர் கடையிற மாதிரித்தானே, தாரும்" என்று அண்ணி என்னிடமிருந்து வாங்கிவிட்டா. நான் வராத நாட்களிலும் அவ தனியாக இருந்து தேய்த்தா. அண்ணா கதிரையைக் கராஜ் வாசலில் போட்டுக்கொண்டு பார்த்திருப்பார். இடைக்கிடை "மெதுவா, மெதுவா" என்பார். அது சரியாகத்தான் இருக்கும்.

விளக்கீடு போனது. தைப்பொங்கலும் வந்தது. பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, அண்ணி குனிந்து தேய்த்துக்கொண்டிருக்க, அண்ணா என்னைக் கிட்டக் கூப்பிட்டு மெல்லிய குரலில் சொன்னார்:

"இந்தப் பொம்பிளை நல்ல வேலைக்காரி. எங்கயடா பிடிச்சனி? என்ர மனுசி, உன்ர அண்ணி, கிறீஸைக் கண்டா இந்தப் பக்கமே வராது."

அவர் மெல்லச் சொன்னதாகத்தான் நினைத்தார். கராஜ் சின்னது. அண்ணியின் கை நிற்கவில்லை, அதே வேகத்தில் உருட்டிக்கொண்டிருந்தது. பிறகு பைப்படியில் கையைக் கழுவும்போது என்னிடம் கேட்டா.

"நான் அந்த விரிப்பைத் தொடாமல் விட்டிருந்தா விளக்கீட்டுக்குள்ள முடிஞ்சிருக்கும், என்ன தம்பி?"

"சீச்சீ, இல்லை அண்ணி. எப்பிடியும் இழுபட்டிருக்கும்" என்றேன்.

அவ நம்பவில்லை. சவர்க்காரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கழுவினா.

சித்திரை வருடப்பிறப்பு லீவில் கொழும்பு வெறிச்சோடிப் போயிருந்தபோது என்ஜின் ஸ்டார்ட் ஆனது. முதலில் இருமியது, புகைத்தது, பிறகு அந்தப் பழைய சத்தம் வந்தது. ஒழுங்கை நாய்கள் எழும்பிக் குரைத்தன. நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அண்ணா கதிரையிலிருந்து எழும்பி வந்து பொனட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணி உள்ளே ஓடினா. வரும்போது வெள்ளிக்கிழமைச் சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தா. நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு, முன் கதவைத் திறந்தா.

அண்ணா வந்து கதவுக்குக் குறுக்கே கையை வைத்தார். கோபமில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

"குறை நினையாதேங்கோ. இது என்ர மனுசி இருக்கிற இடம். அவ இப்ப வந்திடுவா. அவ வந்தாத்தான் போகலாம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினா. அவருடைய கையைத் தள்ளவில்லை. கதவை மெல்லச் சாத்தினா.

"அவ கோயில்ல நிக்கிறாவாம். உங்களை வந்து ஏத்தச் சொன்னவ."

"அப்பிடியே? அப்ப கெதியாப் போவம்" என்று அண்ணா அவசர அவசரமாகப் பின்னுக்கு ஏறினார். அண்ணி மற்றக் கதவால் ஏறி, சேலையை ஒதுக்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தா. நான் காரை எடுத்தேன். தேசிக்காய்கள் நசிந்தன. எனக்குப் பக்கத்தில் முன் சீட் வெறுமையாக வந்தது.

மரீன் டிரைவில் எங்களைத் தவிர ஆட்களே இல்லை. இடது பக்கம் தண்டவாளம், அதற்கு அங்கால் கடல். என்ஜினில் ஒரு சின்னத் தட்டல் இருந்தது. எங்கேயோ ஒரு தடி இடம் மாறித்தான் பூட்டுப்பட்டிருக்கிறது. அண்ணா அதைக் கவனிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பக்கத்தில் இருக்கிறவவுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக ஒதுங்கி இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவவிடம் கேட்டார்.

"நீங்கள் எங்க இறங்கோணும்?"

"நீங்கள் இறங்கிற இடத்திலதான்."

"அப்ப நல்லது. என்ர மனுசியைக் காணலாம். நல்ல மனுசி, உங்களுக்குப் பிடிக்கும்."

"ஓம்" என்றா அண்ணி. "எனக்கும் அவவைக் காண ஆசையாக் கிடக்கு."

கோயிலுக்குத் திரும்புகிற சந்தி வந்தது. அங்கே இறங்கினால் அண்ணா தன் மனுசியைத் தேடுவார். நான் காரைத் திருப்பவில்லை.