பாளையங்கோட்டை சாரின் கால்சட்டை

1955 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை. காலை 6.15. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நாற்பத்து மூன்று மைல். பஸ் கட்டணம் ஒரு ரூபாய் ஏழணா. சாமான் என்று என்னிடம் இருந்தது ஒரு பொட்டலம்தான். செய்தித்தாளில் சுற்றிய நாலு முழ வேட்டி. ஆறு வருடத்துக்கு முன் இரவல் வாங்கியது. திருப்பிக் கொடுக்கப் போகிறேன். இரவல் கொடுத்தவர் என் அம்மாவின் அப்பா. எங்கள் நாஞ்சில் நாட்டில் தாத்தாவைப் பாட்டா என்போம். பாட்டா இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. செத்தவருக்கு வேட்டியைத் திருப்பிக் கொடுக்க ஒருவன் பஸ் ஏறுவானா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

தக்கலையில் இட்லி, காப்பி, மூன்றணா. மழை இல்லை.

8.05, பாலராமபுரம். நெசவுத் தெருக்காரர் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பொட்டலத்தின் கிழிசல் வழியே இரண்டு விரலால் துணியைத் தடவிப் பார்த்தார்.

"இது எங்க ஊரு துணியாக்கும். எங்க கொண்டு போறிய?"

"திருப்பிக் கொடுக்க."

"வேட்டிய யாராவது திருப்பிக் குடுப்பாவளா?" என்று சிரித்தார். நேமம் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

8.50, தம்பானூர். ரயில் நிலையத்துக்கு எதிரே இறங்கினால் பழவங்காடிக்கு அரை மைலுக்குச் சற்றுக் கூடுதல். நடந்தேன். பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைப்பதுதான் வேண்டுதல். ஒருவர் ஒன்று உடைப்பார், ஒருவர் நூற்றொன்று உடைப்பார். சத்தம் தெருமுனை வரை கேட்கும். அதற்குப் பக்கத்தில்தான் பாட்டா நாற்பது வருடம் தேங்காய்க்கடை வைத்திருந்தார்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் பத்மநாபசுவாமி கோயில். ஆண்கள் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு உள்ளே போக முடியாது. இடுப்பில் வேட்டி, மேலே வெற்றுடம்பு. தெரியாமல் வரும் வெளியூர்க்காரர்கள் வாசலில் நின்று விழிப்பார்கள். அவர்களுக்காகப் பாட்டா முப்பது வேட்டி வாங்கி வைத்திருந்தார். பின்கட்டில் ஒரு திரை. அங்கே மாற்றிக்கொண்டு கால்சட்டையைக் கொடுத்தால், மடித்து, ஊர்ப் பெயரைச் சீட்டில் எழுதிக் குத்தி வைப்பார். வாடகை கிடையாது, தேங்காய் வாங்க வேண்டும் என்றும் இல்லை. வேட்டியோடு மறைந்தவர்களும் உண்டு. "போனாப் போட்டும். கட்டிக்கிடத்தானே செய்வான்" என்பார்.

1949இல் நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் என் தாத்தா பெரிய வியாபாரி என்று விடுதியில் கொஞ்சம் தாராளமாகவே அளந்திருந்தேன். மூன்று நண்பர்களோடு இங்கே வந்தபோது, கோயில் வாசலில் யாரோ அந்தக் கடையைக் கைகாட்டினார்கள். தப்பிக்க வழியில்லை. சட்டையில்லாத ஒரு கிழவர் தரையில் குந்தி, யாருடைய கால்சட்டையையோ மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவ்வளவுதான். அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. நண்பர்களுக்கு ஒவ்வொரு வேட்டியாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தார்.

"சாருக்கு எந்த ஊரு?"

வீட்டில் என்னை 'மக்கா' என்று கூப்பிடுகிறவர். "பாளையங்கோட்டை" என்றேன். சீட்டில் எழுதிக்கொண்டார்.

தரிசனம் முடிந்ததும் நண்பர்கள் கடைக்குப் போனார்கள். நான் கோயில் குளக்கரையிலேயே நின்றேன். பின்னால் தனியாகப் போவதாகச் சொல்லி, போகாமலே தம்பானூருக்கு நடந்துவிட்டேன். கால்சட்டை எங்கே என்று கேட்டார்கள். காணாமல் போய்விட்டதாம் என்றேன். "கிழவன் வித்துத் தின்னிருப்பான்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அதன் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் பாட்டா ஊருக்கு வந்தார். நேந்திரங்காய் வறுவல் கொண்டுவந்தார். கடைசி நான்கு மாதம் நோயோடு எங்கள் வீட்டில்தான் கிடந்தார். வேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாளை சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட்ட நாட்களில் அவர் போய்ச் சேர்ந்தார்.

9.20. கடையை இப்போது செல்லப்பன் என்பவர் நடத்துகிறார். பாட்டாவிடம் நாலு வருடம் வேலை பார்த்தவர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

"தேங்கா உடைக்கதுக்கா, கொண்டு போறதுக்கா?"

"வேட்டி ஒண்ணு திருப்பிக் குடுக்கணும்."

"எப்ப எடுத்தது?"

"நாப்பத்தொம்பதுல."

கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். "பாளையங்கோட்டை சாரா?"

உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். பாச்சை உருண்டை வாடை வந்தது. காகிதத்தில் சுற்றிய என் கால்சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன் மேல் பாட்டாவின் கையெழுத்தில் அந்தச் சீட்டு: பாளையங்கோட்டை சார்.

"வருசத்துக்கு ரெண்டு மட்டம் வெளுக்கப் போடச் சொல்லுவாரு. ஆளு செத்துக்கித்துப் போயிருக்கும், எதுக்குப் பெரியவரே இதுன்னு ஒருக்கக் கேட்டுப் போட்டேன். கோவமே வராத மனுசன் கேட்டோ, அண்ணைக்கு வந்திச்சு. 'அப்பிடிச் சொல்லப்பிடாது. நல்ல பிள்ளையாக்கும். என்னமோ கூச்சம். வருவாரு'ன்னாரு. சொகமில்லாம ஊருக்குப் போற அண்ணைக்கும் இதைத்தான் சொல்லிட்டு பஸ்ஸுல ஏறினாரு." செல்லப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குப் பெரியவரை முன்னமே தெரியுமா?"

சொல்லத்தானே நாற்பத்து மூன்று மைல் வந்தேன். "தெரியும்" என்று மட்டும் வாயில் வந்தது.

10.10. வேட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று எழுந்தேன். ஒரு குடும்பம் கடைக்குள் வந்தது. கணவர் கால்சட்டை போட்டிருந்தார், முகத்தில் எரிச்சல். "உள்ள விட மாட்டேங்கிறாங்க. இங்க வேட்டி கிடைக்கும்னாங்களே?" செல்லப்பன் இருபத்தொரு தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். நான் என் பொட்டலத்தைப் பிரித்து வேட்டியை நீட்டினேன். அவர் திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்து, கழற்றியதை என் கையில் திணித்தார். தரையில் குந்தி மடித்தேன்.

"சாருக்கு எந்த ஊரு?"

"மதுரை. நீங்கதான் கடைக்காரரா?"

"இல்லை" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னேன். "கடைக்காரரோட பேரன்."

செல்லப்பனின் எண்ணிக்கை நின்றது. மதுரைக்காரருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "இது இடுப்புல நிக்குமா? பெல்ட் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். நிற்கும் என்றேன்.

அவர்கள் போனதும் செல்லப்பன் ஒரு இளநீரை வெட்டி என் முன்னால் வைத்தார். "குடிங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. இவரும் பாட்டாவிடம் படித்தவர்தான்.

11.00 மணி பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. மதுரைக்காரரைக் காணவில்லை. செல்லப்பன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் போகவில்லை. மதுரை என்று சீட்டு குத்திய கால்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் வருகிற ஒவ்வொரு வேட்டியையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வருவார் என்று தெரியும். ஆனாலும் எழுந்து தெருவுக்குப் போனேன்.

11.45க்கு வந்தார். நல்ல தரிசனமாம். நன்றி சொன்னார், குழந்தைகளுக்குத் தேங்காய்ச் சில்லு கொடுத்தேன், போனார்கள்.

12.30 பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். என் கால்சட்டை இப்போது இடுப்புக்குப் பற்றாது; ஆனாலும் கொண்டுவந்தேன். நாகர்கோவிலில் நாங்களும் இரவல் கொடுக்கிற ஆட்கள்தான். கொடுத்தால் எப்போது வரும் என்று கேட்டுக் கொடுப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். முன்பின் தெரியாத ஒரு மதுரைக்காரருக்காக நான் காத்திருந்தது ஒன்றரை மணி நேரம். அதற்குள் பத்துத் தடவை தெருவுக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். பாட்டா ஐந்து வருடம் பார்த்திருக்கிறார்.