பொட்டு வைக்காத போத்தல்

நான்கு வருஷத்துக்கு முந்தி, தீபாவளி கழிந்து இரண்டு கிழமை இருக்கும். கண்டியில், ஹந்தானை மலைக்கு ஏறுகிற பாதையில் உள்ள ஒரு பழைய பங்களாவில் இது நடந்தது. அந்தப் பங்களாவைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்கிறவள் நான். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

வீட்டுக்கார ஐயா குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறார். வருஷத்தில் ஒருமுறை வருவார்கள். மற்ற நாட்களில் மேல் வீட்டில் தங்க யாரையாவது அனுப்பிவைப்பார்கள். வீடு சரிவில் இருப்பதால், அதற்கு அடியில் பாதி மண்ணுக்குள் புதைந்த மாதிரி ஒரு கல் அறை உண்டு. ஸ்டோர் என்று சொல்லுவோம். சித்திரை வெயிலிலும் அதன் சுவரில் கை வைத்தால் சில்லென்றிருக்கும். அந்த ஸ்டோரை ஒட்டினாற்போல் என் அறை.

நானும் என் வீட்டுக்காரரும் ஹேவாஹெட்டப் பக்கத் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள். அவருக்கு இங்கே பூந்தோட்ட வேலை, எனக்குச் சமையல் வேலை. அவர் தினமும் குடிக்கிறவர் இல்லை. மாசச் சம்பளம் வாங்கினால் ஒரு போத்தல் ஸ்டவுட், அந்தக் கறுப்பு பியர், வாங்கி வருவார். பிரிட்ஜில் வைத்தால் ருசி செத்துப்போகும் என்று, ஸ்டோரில் டேலியாக் கிழங்குப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு நாள் வைத்திருந்துதான் திறப்பார். கரண்டிக் காம்பால் நெம்பினால் மூடி பறந்து போகும். பின்படியில் உட்கார்ந்து, பிடி உடைந்த கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டே மெதுவாகக் குடிப்பார். "ஒரு மொடக்கு குடிச்சுப் பாரேன் புள்ள, பிள்ளை பெத்தவளுகளுக்கே குடுக்கிற சாமான்தானே" என்பார். நான் "ச்சீ, போங்க" என்று உள்ளே போய்விடுவேன். அந்தக் கசந்த வாடையே எனக்குப் பிடிக்காது.

ஒரு மாசம் அப்படி வாங்கி வைத்த போத்தலைத் திறப்பதற்கு முன்பே அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீட்டுக்கு வரவில்லை.

எங்கள் ஆட்கள் தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படையல் வைப்போம். அவர்கள் உயிரோடு இருக்கும்போது எதை விரும்பினார்களோ அதையெல்லாம் வைக்க வேண்டும். அந்த முதல் வருஷம் அவர் விட்டுப்போன போத்தலையே எடுத்துத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, படத்துக்கு முன்னால் வைத்தேன். படையல் முடிந்ததும் திரும்ப ஸ்டோரில் வைத்துவிட்டேன். அடுத்த வருஷம் புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் தவறணை, சாராயக்கடை என்று ஒரு பொம்பளை எப்படிப் போவது? வேறு ஆம்பிளைகளிடம் "எனக்கு ஒரு ஸ்டவுட் வாங்கி வாங்க" என்று கேட்க எனக்கு வாய் வராது. கடையில் சீனி கேட்பதற்கே நாலு பேர் போகட்டும் என்று நிற்கிறவள் நான். அதனால் அதே போத்தலையே வைத்தேன். அதற்கு அடுத்த வருஷமும் அதுவே. ஒவ்வொரு வருஷமும் பழைய பொட்டுக்கு மேல் புதுப் பொட்டு.

என் மகன் கொழும்பில் இருக்கிறான். அவன் மனைவி வழியில் ஒரு கிறிஸ்தவ சபைக்குப் போகிறவன். படையல் சோற்றைத் தொடமாட்டான். நானும் கூப்பிடுவதில்லை. நானே சமைத்து, நானே படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று, பிறகு நானே தனியாகச் சாப்பிடுவேன். பத்து வருஷத்துக்கு மேல் இப்படித்தான் போனது.

அந்த நேரத்தில்தான் ஒரு அம்மா வந்து மேல் வீட்டில் தங்கினார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இளம் வயதில் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தபோது கலவரம் வந்து, படிப்பை விட்டு வெளிநாட்டுக்குப் போனவராம். அறுபது வயசு இருக்கும். படித்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார். தனியாகத்தான் வந்தார். பகலில் பேராதனைக்குப் போவார். மழையில் நனைந்து திரும்பி வந்து, வராந்தாக் கதிரையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் யாரும் மிச்சமில்லை என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. நானும் அதிகம் பேசவில்லை. அவரைச் சிங்களத்தில் சொல்கிற மாதிரி மரியாதையாக நோனா என்பேன். அவர் என்னை அக்கா என்பார்.

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. மத்தியானத்திலிருந்தே விடாத மழை. ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கடலை அவித்துத் தாளித்து ஒரு தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். வராந்தாவுக்கு இரண்டு படி இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. போத்தல் மூடி திறக்கிற சத்தம். பல வருஷம் கேட்காத சத்தம் என்றாலும் எனக்கு மறக்குமா?

மேசைமேல் என் போத்தல் நின்றது. பக்கத்தில் கிடந்த துடைக்கிற துணி முழுக்கக் குங்குமச் சிவப்பு.

"அக்கா, இந்தப் போத்திலில ஏன் சிவப்பாப் பூசிக் கிடக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். "இண்டைக்குப் போயா எண்டு கடையெல்லாம் பூட்டு. ஐயாவுக்கு போன் எடுத்தனான். கீழ ஸ்டோரில கிடக்கிறதில எது வேணுமெண்டாலும் எடுங்கோ எண்டவர். இதுதான் ஆகப் பழசா இருந்தது."

தட்டு சரிந்து பாதிக் கடலை படியில் சிந்தியது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நோனா, அது ஐயா வீட்டுப் போத்தல் இல்லீங்க."

"பின்ன ஆற்ற?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"ஐயோ, கேட்காம எடுத்திட்டன். அவர் வரட்டும் அக்கா, நான் நாளைக்கே வேற வாங்கிக் குடுக்கிறன்."

"அவரு வரமாட்டாருங்க."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவசர அவசரமாக மூடியை எடுத்துப் போத்தல் வாயில் வைத்து உள்ளங்கையால் அமுக்கினார். அது நிற்குமா? உருண்டு கீழே போனது. அவர் குனிந்து அதைத் தேடி எடுத்துத் திரும்பவும் அமுக்கினார். அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கேயோ போய்விட்டது. "விடுங்க நோனா" என்றேன். பக்கத்துக் கதிரையில் உட்காரச் சொன்னார். படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் செத்த பிறகு யாரிடமும் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். "அப்ப, ஒவ்வொரு வருஷமும் மூடியோடயோ வச்சனீங்கள்?"

"ஆமாங்க" என்றேன். சொல்லும்போதே நான் செய்த பிழை எனக்கு விளங்கியது.

படையலில் வைக்கிற வாழைப்பழத்துக்கு நுனித் தோலை உரித்து வைக்கிறவள் நான். தேங்காயை உடைத்து வைப்பேன். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி வைப்பேன். பீடியைக்கூடப் பற்றவைத்துத்தான் வைப்பேன், அவர் எங்கே போய் நெருப்புப் பெட்டி தேடுவார் என்று. ஆனால் போத்தல் மூடியைத் திறக்க எனக்குத் தோன்றவே இல்லை. திறந்தால் தீர்ந்துவிடுமே என்று மனசுக்குள் இருந்ததோ என்னவோ. இத்தனை வருஷமும் அந்த மனுஷன் வந்து, மூடின போத்தலைப் பார்த்துவிட்டுத்தானே போயிருப்பார்? நினைக்க நினைக்க அழுகை வந்தது. அந்த அம்மா என் தோளில் கை வைத்தார்.

"இப்ப திறந்துதானே கிடக்கு. இண்டைக்கு வையுங்கோவன். தீபாவளிக்குத்தான் வருவாரோ, கூப்பிட்டா வரமாட்டாரோ?"

எழுந்தேன். இரண்டு பேரும் கீழே என் அறைக்குப் போனோம். பிடி உடைந்த கோப்பையைக் கழுவினேன். ஊற்றத் தெரியவில்லை. அந்த அம்மா கோப்பையைச் சரித்துப் பிடிக்கச் சொன்னார். கறுப்பாக, எண்ணெய் மாதிரிக் கனமாக இறங்கியது. என் வீட்டுக்காரர் ஊற்றும்போது வருகிற நுரை பாதிகூட இல்லை. படத்துக்கு முன்னால் கோப்பையையும் மிச்சக் கடலையையும் வைத்து, சூடம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். படைத்த பிறகு ஆட்கள் உள்ளே நிற்கக் கூடாது. அவர்கள் வந்து சாப்பிட வேண்டும் அல்லவா?

ஓட்டு விளிம்பில் இருந்து தண்ணீர் கொட்டியது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம்.

"எவ்வளவு நேரம் நிக்கிறது அக்கா?"

"ஒரு கோப்பை குடிக்கிற நேரங்க."

"கெதியாக் குடிப்பாரோ?"

"மெதுவாத்தான். கதை பேசிக்கிட்டே குடிப்பாரு."

"கடவுளே, அப்ப நனையத்தான் வேணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்தக் கதவுக்கு வெளியே என்னோடு இன்னொரு ஆள் நின்றது அதுதான் முதல் தடவை.

உள்ளே போனபோது கோப்பையில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. நுரை அடங்கியிருக்கும். அந்த அம்மாவும் பார்த்தார்.

படைத்ததை வைத்தவர்கள்தான் சாப்பிட வேண்டும். அந்தக் கோப்பையை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினேன். "முதல்ல நீங்கள்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மொடக்கு குடித்தேன்.

கசக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கசக்கவில்லை. கித்துள் பனைப் பாணியை அடிப்பிடிக்கக் காய்ச்சின மாதிரி, காய்ந்த திராட்சையும் கோப்பியும் கலந்த மாதிரி ஒரு ருசி. கடைசியில்தான் நாக்கின் அடியில் லேசாக ஒரு கசப்பு. தொண்டையில் இறங்கி நெஞ்சுக்குள் கதகதவென்று நின்றது. இருமினேன். திரும்பவும் குடித்தேன்.

"இது அவரு குடிச்ச மாதிரி வாடை இல்லீங்களே" என்றேன்.

அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தார். வெளிநாட்டில் தான் இருக்கிற ஊரில் இந்த மாதிரிக் கடும் கறுப்பு பியரை நிலத்துக்குக் கீழே வருஷக்கணக்கில் வைத்துத் திறப்பார்கள் என்றார். "இருட்டிலயும் குளிரிலயும் ஆடாம அசையாமக் கிடந்தா, கசப்பு மெல்ல மெல்ல அடங்கும் அக்கா. புதுசில இந்த ருசி வராது. இவ்வளவு நல்லதை நான் குடிச்சதில்லை."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த ருசியை என் வீட்டுக்காரர் அறியமாட்டார். அவர் குடித்ததெல்லாம் புதுசு. இது அவர் போன பிறகு வந்த ருசி. அவர் இல்லாத அத்தனை வருஷமும் அந்த ஸ்டோருக்குள், எனக்கு ஒரு சுவர் தள்ளி, என்னைப் போலவே இருட்டில் கிடந்து வந்த ருசி. அந்த வருஷங்கள் முழுக்கக் கசப்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போத்தலில் இருந்த மிச்சத்தையும் இரண்டு பேரும் பங்குபோட்டுக் குடித்தோம்.

மறுநாள் அந்த அம்மா டவுனுக்குப் போய்க் கோபத்தோடு திரும்பி வந்தார். "பொம்பிளையளுக்குக் குடுக்கேலாதாம்! அறுபது வயசில எனக்குச் சட்டம் படிப்பிக்கிறான்! கடைசியில த்ரீவீல்காரரை விட்டு வாங்குவிச்சனான்" என்று பையில் இருந்து இரண்டு ஸ்டவுட் போத்தலை எடுத்து வைத்தார். ஒன்று அடுத்த தீபாவளிக்கு, திறந்து வைக்க. மற்றது ஸ்டோரில் கிடக்கட்டும் என்றார்.

"எத்தனை வருஷங்க?"

"பத்து வருஷம் கிடக்கட்டுமே."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே தங்கச்சி."

நோனா என்ற சொல் எப்படி மாறியது என்று எனக்கே தெரியவில்லை. "இருப்பீங்கள். நானும் வருவன். சேர்ந்து திறப்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் போய்விட்டார்.

போன புதிதில் இரண்டு மூன்று தரம் போன் எடுத்தார். பிறகு எடுக்கவில்லை. அவருக்கு என்ன கஷ்டமோ, தெரியாது. அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பேசத்தான் கூச்சம். ஆனால் அந்த த்ரீவீல்காரரிடம் கூச்சம் போய்விட்டது. தீபாவளிக்கு முன்னால் நானே சொல்லி ஒரு போத்தல் வாங்குகிறேன். பொட்டு வைத்து, மூடியைத் திறந்து படைக்கிறேன். கதவுக்கு வெளியே திரும்பவும் தனியாகத்தான் நிற்கிறேன். பிறகு உள்ளே போய் ஒரு மொடக்குக் குடிக்கிறேன். புதுசு, நல்ல கசப்பு.

மற்றப் போத்தல் டேலியாக் கிழங்குப் பெட்டிக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. மாசம் ஒருதரம் தூசி துடைக்கிறேன். அதற்கு மட்டும் நான் பொட்டு வைப்பதில்லை. செத்தவர்களுக்கே எடுத்துவைத்துப் பழகின இந்தக் கை, உயிரோடு இருக்கிற ஒருவருக்காக ஒன்றை எடுத்துவைத்திருக்கிறது என்ற நினைப்பிலேயே, மழைக்கால ராத்திரிகள் எனக்கு முன்னைப் போல் நீளமாகத் தெரிவதில்லை.