கடைசிப் பக்கத்து ஆடு

ஹெப்பகோடி வீட்டில் பழைய பெட்டியைக் குடைந்த என் மகள், அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் கதைப்புத்தகத்தோடு வந்தாள். விலங்குகள் கப்பலேறிக் கடல் கடக்கும் கதை.

“கடைசிப் படத்துல பென்சில்ல ஆடு வரைஞ்சது யாரும்மா?”

என் நைனா. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இங்கிலீஷ் தெரியாது, படங்களைப் பார்த்தே கதை சொல்வார். விலங்குகள் கப்பலின் அடித்தட்டுக்கு இறங்கினால் “ஷிப்டுக்குப் போறாங்க” என்பார். நான் சிறுமியாக இருந்தபோது ஒருநாள், கரைசேர்ந்த படத்தில், கல்தூள் படிந்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். விரல் நின்றது.

“ஆடு மேல வரலியே.”

“உடு நைனா, கதைதானே.”

“எறங்குன ஆளு மேல வரல. எப்படி உடுறது?”

என் பென்சிலை வாங்கி, கரையில் ஓர் ஆட்டை வரைந்த பிறகுதான் புத்தகத்தை மூடினார்.

இப்போது மகள், அவர் தாண்டிப்போன, படமில்லாத பக்கம் ஒன்றை வாசித்தாள். “ஆடு நடுவுல ஒரு தீவுல எறங்கிடுச்சும்மா. அங்க புல்லு நல்லா இருக்காம். அப்போ இதை அழிச்சிடட்டுமா?”

“வேணாம்” என்றேன். “அதான் மேல வந்துடுச்சே, இருக்கட்டும்.”