பீரோவின் வாக்குமூலம்

அவரை எல்லோரும் பீரோ என்றுதான் கூப்பிட்டார்கள். வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சேர்ந்த புதிதில், ஓர் இரும்பு பீரோவை முதுகில் கட்டிக்கொண்டு தனியாக மாடிக்கு ஏற்றினார். அன்றே பெயர் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மனைவியும் அதைத்தான் சொல்வார்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. சாமான் படியேறும்போது கீழே நிற்பவர் முனகக் கூடாது. முனகினால் மேலே பிடித்திருப்பவர் பயந்துவிடுவார், கை தளரும். எடை முழுவதும் கீழே இருப்பவர் மேல் இறங்கும். பீரோ எப்போதும் கீழேதான் நிற்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல இருக்கும்.

அவர் முதுகை முடித்துவைத்தது ஒரு வாஷிங் மெஷின். படி திரும்பும் இடத்தில் மேலே இருந்தவருக்குக் கால் வழுக்கியது. பீரோ விடவில்லை. மெஷினைச் சுவரோடு சேர்த்து முதுகில் தாங்கிக்கொண்டார். மெஷினில் ஒரு கீறல்கூட இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. சற்று நேரம் உட்கார்ந்தால் இடது கால் மரத்துப்போனது.

இயலாமை உதவித்தொகைக்கு மனுப் போட்டார்கள். அது கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவியின் அண்ணன் வீட்டு மாடியறைக்குப் போக வேண்டும். ஊரார் வீட்டையெல்லாம் மாற்றியவருக்குத் தன் வீட்டை மாற்ற மனம் ஒப்பவில்லை.

பரிசோதனையில் டாக்டர் முதுகெலும்பை அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். "பரவாயில்லைங்க." குனியச் சொன்னார். குனிந்தார். மறுநாள் முழுக்கக் கட்டிலை விட்டு எழவில்லை. வேலை செய்யத் தகுதியுள்ளவர் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

மேல்முறையீடு செய்ய மனைவி அவரை இலவசச் சட்ட உதவி மையத்துக்கு இழுத்துப் போனார். மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறை. வக்கீல் சின்ன வயசுப் பெண். மேசையில் பாதி கடித்த ஆப்பிள்.

"டாக்டர்கிட்ட வலிக்கலைன்னு ஏன் சொன்னீங்க?"

"வலிக்கலைன்னு எங்கம்மா சொன்னேன்? பரவாயில்லைன்னு சொன்னேன்."

"உயிர் போனாலும் பரவாயில்லைன்னுதான் சொல்வாரு இந்த மனுஷன்," என்றார் மனைவி. "காலையில பேன்ட் மாட்டி விடறது யாருன்னு கேளும்மா."

"வீட்டு விஷயத்தை எதுக்கு இங்க..."

"வீட்டு விஷயம்தான் சார் கேஸே," என்றாள் வக்கீல்.

"அப்போ நடிக்கச் சொல்றீங்களா? நொண்டிக் காட்டணுமா?"

"இவ்வளவு நாள் நடிச்சதை நிறுத்தச் சொல்றேன்."

பீரோ காலால் செருப்பைத் தேடினார். வெளியே வந்ததும் மனைவியிடம், "அந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி," என்றார். கொஞ்சம் நடந்த பிறகு, "கெட்டிக்காரி," என்றார்.

விசாரணை ஒரு சிறிய அறையில் நடந்தது. அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டாக்டரின் அறிக்கையைப் படித்தார்.

"நல்லாக் குனிஞ்சிருக்கீங்கன்னு இருக்கே?"

பீரோ படியைப் பற்றிச் சொன்னார். மேலே நிற்பவரைப் பற்றி, கை தளர்வதைப் பற்றி. சொல்லும்போது குரல் நிமிர்ந்திருந்தது. "பழகிப்போச்சு சார். யாராவது பார்த்தாங்கன்னா மூச்சை அடக்கிக்குவேன்."

"இங்க படி இல்ல. மேல யாரும் பிடிச்சுக்கிட்டு நிக்கல," என்றார் அதிகாரி. "எழுந்திருங்க, பார்ப்போம்."

பீரோ மேசையில் கையூன்றினார். மூச்சை அடக்கவில்லை. பாதி எழும்போது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அவரிடம் அப்படி ஒரு சத்தம் இருப்பது மனைவிக்கே அன்றுதான் தெரியும். பீரோ வளைந்தபடி நின்று, எல்லோர் முன்னாலும் மனைவியிடம் கையை நீட்டினார். மனைவி பிடித்துக்கொண்டார். வக்கீல் வாதத்துக்குத் தயாராக வைத்திருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

அதிகாரி டைப் செய்து முடித்து வாசித்தார். உதவித்தொகை வழங்கலாம். மனுதாரர் எந்த வேலையும் செய்ய இயலாதவர்.

"சரிதானே?"

"சரியில்லைங்க," என்றார் பீரோ.

வக்கீல் அவர் சட்டைக்கையை இழுத்தாள்.

"அதுக்கு முன்னாடி ஒரு வரி சேருங்க சார். வேலை பார்த்த வரைக்கும் இவர் கையில ஒரு சாமான்கூட உடையலைன்னு."

"தீர்ப்புல அதெல்லாம் வராதே."

"நான் சொன்னதை வாக்குமூலமா எழுதிக்கிட்டீங்களே, அதுல வருமா?"

அதிகாரி அவரைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி டைப் செய்யத் தொடங்கினார்.

"கல்யாணமான புதுசுல என் நிலைக்கண்ணாடியை உடைச்சது யாராம்?" என்றார் மனைவி, காதோடு.

"அது சொந்தச் சாமான். சேராது," என்றார் பீரோ. கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார்.

அதிகாரியின் விரல்கள் நின்றன. "அதையும் போடணுமா?"

"வேண்டாங்க," என்றார் பீரோ. மனைவியின் கையை இன்னும் விடவில்லை.