நெல் காயும் ரோட்டில் வழி தேடிய ட்ரோன்

போன பிப்ரவரியில் நானும் என் மனைவி கவிதாவும் திருவண்ணாமலைப் பக்கம் போனது சாமி கும்பிட அல்ல. (சாயங்காலம் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தோம், திட்டாதீர்கள்.) மூன்று வருடமாக அவள் உயிரைக் கொடுத்து உருவாக்கிய ட்ரோனைச் சோதிக்கப் போனோம். செயற்கைக்கோள் சிக்னல் இல்லாத இடத்திலும், கீழே தெரிவதைப் படம் பிடித்து, முன்பே எடுத்து வைத்த படங்களோடு ஒப்பிட்டு, அது தானாகவே திரும்பி வர வேண்டும். இரண்டு முறை சொதப்பியாயிற்று. "இந்த வாட்டியும் வரலைன்னா விட்டுடறேங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

காலை ஐந்து மணிக்குச் சென்னையில் கிளம்பி, திண்டிவனம், செஞ்சி வழியாக ஒன்பதுக்குக் கீழ்பென்னாத்தூர். சுமார் 175 கிலோமீட்டர். பூரியும் காபியும் இரண்டு பேருக்கு 130 ரூபாய், கிழங்கு பிரமாதம்.

ஊரைத் தாண்டி ஒரு கிராமத்து ரோட்டோரம் வண்டியை நிறுத்தினோம். ஆடி மாதமே இங்கே வந்து படங்கள் எடுத்திருந்தாள். வயல் மாதத்துக்கு ஒரு நிறம் காட்டும், தார் ரோடு மாறாது என்று ரோட்டைப் பிடித்துக்கொண்டு வரத்தான் ட்ரோனைப் பழக்கியிருந்தாள். செயற்கைக்கோள் சிக்னலை வாங்காதபடி அணைத்துவிட்டுப் பறக்கவிட்டாள். வயல்களைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, ரோட்டின் ஒரு வளைவுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. திரையில் பார்த்தால் ரோட்டையே காணோம்!

வளைவுக்கு ஓடினேன். அறுவடை நேரம் அல்லவா, ரோடு முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. இது எங்களுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் (பெயர் சரோஜா என்று பிறகு தெரிந்தது) மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "அய்ய, வழி தெரியாம நிக்குதா? பாவம்! இன்னா இப்போ, ஓரமா தள்ளிட்டா போவுது." வீட்டாரைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "தள்ளுங்க, சீக்கிரம்!"

நானும் ஒரு பலகையை வாங்கித் தள்ளினேன். போனில் கவிதா கூப்பிட்டாள். "பேட்டரி கம்மியா இருக்குங்க. ரிமோட்டைத் தொட்டா இறக்கிடலாம். தொட மாட்டேன்."

கறுப்பாகத் தார் தெரிய ஆரம்பித்தது. ட்ரோன் கொஞ்சம் ஆடியது, திரும்பியது, ரோட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்பியது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அது இறங்கியிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் வண்டி நகராது. அனுமதி இல்லாமல் ட்ரோனைத் தொடாதீர்கள். கோயில், மலைப் பக்கம் நினைக்கவே வேண்டாம். அறுவடை மாதம் என்றால் ரோட்டை முதலில் நடந்து பாருங்கள். யாராவது உங்களுக்காக நெல்லைத் தள்ளிக் கொடுத்தால், திரும்பப் பரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நாங்களும் பரப்பினோம். "அதான் வந்துடுச்சே, வெயிலு ஜாஸ்தி, நீங்க போங்க" என்றார் அக்கா.

"இல்லக்கா, பாதிதான் ஜெயிச்சிருக்கேன். முன்ன மாதிரியே ரோடு தெரியாம பரப்புங்க" என்றாள் கவிதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நெல்லு காயற ரோட்டையும் இதுக்குக் காட்டணும்."

பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க, கார்ல இன்னொரு பேட்டரி" என்றாள். அவள் முடிப்பதற்குள் நான் ஓட ஆரம்பித்திருந்தேன்.