துணி அடைத்த தொட்டி

என் மாமா பயப்படாத பொருள் உலகத்தில் ஏதாவது உண்டா என்று கொஞ்ச நாள் ஆராய்ச்சி செய்து பார்த்தேன். ரப்பர் பல்லிக்குப் பயந்தார். அது ரப்பர் என்று தெரிந்த பிறகும் பயந்தார். மின்சாரக் கடை வேலையை ஷாக் அடிக்கும் என்று விட்டார். பெயின்ட் அடிக்கப் போய், ஏணியின் இரண்டாம் படியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இறக்கிவிட ஆள் வர வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் தோட்டக்காரர் ஆனார். செடி கடிக்காது, குரைக்காது, மேலே ஏறச் சொல்லாது.

"பல்லு ராவுற சத்தம் கேக்குமே, பரவாயில்லையா?" என்றாள் அத்தை.

"காதுல பஞ்சு வெச்சுக்கிறேன்."

வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் கண்ணாடிச் சுவரை ஒட்டி நீளமான சிமென்ட் தொட்டி. அதில் இடுப்பு உயரத்துக்கு வெட்சிச் செடிகள். உள்ளே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முறை வரக் காத்திருப்பவர்கள் அந்தச் சிவப்புக் கொத்துகளைத்தான் வெறித்துக்கொண்டிருப்பார்கள். "பயந்தவனுக்குப் பாக்க ஏதாவது இருக்கணும்" என்பார் மாமா. அனுபவஸ்தர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வாடிய கொத்தை ஒரு கணு கீழே இறக்கி நறுக்குவார். இலையின் அடியில் மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீர் தொட்டு, குழந்தைக்கு முகம் துடைப்பது போலத் துடைப்பார். ஜெனரேட்டருக்குப் பின்னால் ஆஸ்பத்திரி கொடுத்த ஒற்றை அறையில் மாமா, அத்தை, நான் மூவரும் இருந்தோம். வேலை இருக்கும்வரைதான் அறை.

முற்றத்துக்கு வெள்ளை டைல்ஸ் போட்டார்கள். அங்கே பிடித்தது சனியன். தொட்டியின் அடித்துளைகளிலிருந்து வடியும் மண் தண்ணீர் டைல்ஸில் கோடு கோடாக ஓடியது. மேனேஜர் கத்தினார்.

"இது ஆஸ்பத்திரியா, மாட்டுக் கொட்டகையா? இன்னொரு தடவ ஒரு சொட்டு சேத்தப் பாத்தேன்..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. ராத்திரி முழுக்க மாமா அதை விதவிதமாக முடித்துப் பார்த்தார். மறுநாள் ஒரு பழைய போர்வையைக் கிழித்து எல்லாத் துளைகளையும் இறுக்கி அடைத்தார். டைல்ஸ் பளபளத்தது.

கொஞ்ச வாரத்தில் இலைகள் மஞ்சளாயின. பிறகு செடிகள் தலையைத் தொங்கப்போட்டன. 

"தாகம். வெயிலப் பாத்தியா வாலு?" என்று மாமா குழாயைத் திறந்தார். வாலு என்றால் நான்தான். ஊற்ற ஊற்ற வாடியது. வாட வாட ஊற்றினார். சாப்பிடுகிற கையோடு எழுந்து போய்ச் செடியைப் பார்ப்பார். மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டால் உர மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொள்வார்.

ஒருநாள் அந்தச் செருப்பு மூட்டைக்கு அருகிலேயே வந்து நின்றது. மேனேஜர் கையில் ஒரு பிளாஸ்டிக் செடி.

"இதுக்குத் தண்ணி வேணாம், ஆளும் வேணாம். ஓரத்துச் செடியப் புடுங்கிட்டு இத வை. மாசக் கடைசிக்குள்ள மத்தது தேறலன்னா மொத்தத்தையும் மாத்திடலாம்."

அவர் போனதும் மாமா ஓரத்துச் செடியைப் பிடித்து இழுத்தார். சும்மா வந்துவிட்டது. சாக்கடை நாற்றம். வேரின் தோல் கறுத்து, தொட்டதும் வழுக்கிக்கொண்டு கழன்றது. குழியில் தண்ணீர் ஊறி நிறைந்தது. மண்புழுவைக் கண்டாலே துள்ளுகிற மனுஷன், முழங்கைவரை அதற்குள் கையை விட்டுத் துழாவினார்.

"இதுங்க தாகத்துல வாடல. மூச்சு முட்டி வாடுது."

"யாரு பண்ணது மாமா?"

"நான்தான். அவரு திட்டுவாரேன்னு அடச்சேன்ல."

நாற்றத்துக்கு எட்டிப் பார்க்க வந்த அத்தை இடுப்பில் கை வைத்தாள். "அப்ப துணிய உருவு."

"உருவுனா டைல்ஸ் பூரா சேறு. வீட்டுக்குப் போடான்னுடுவாரு."

"உருவலன்னாலும் அதத்தான் சொல்லப்போறாரு. பெட்டி கட்டுறதுன்னு ஆயிட்டா, அதுங்கள உசுரோட விட்டுட்டுக் கட்டுவோம்."

மாமா தொட்டியோரம் குந்தித் துணி நுனியைப் பிடித்தார். உள்ளே ராவும் சத்தம் கேட்டது. கை தானாகப் பின்வாங்கியது. மறுபடி பிடித்தார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. எனக்குச் சிரிப்பு வரவேண்டும், வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ண மூடிக்கோ மாமா. பல்லு புடுங்குற மாதிரி ஒரே இழு."

"அவங்களுக்காவது ஊசி போடுவாங்க" என்றார். இழுத்தார்.

கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று வெளியேறி, வெள்ளை டைல்ஸைக் கடந்து கண்ணாடிக் கதவுவரை போனது. காத்திருந்தவர்கள் வலியை மறந்து எழுந்து பார்த்தார்கள். மேனேஜர் ஓடிவந்தார்.

"என்னய்யா இது?"

"சேறு சார்."

"கண்ணு தெரியுதுய்யா எனக்கு! நிறுத்து மொதல்ல!"

மாமா உருவிய துணியை மார்போடு பிடித்துக்கொண்டார். "நிறுத்துனா செத்துரும் சார். மாசக் கடைசின்னு சொன்னீங்க, அதுவரைக்கும் விடுங்க" என்று சொல்லிவிட்டு, அழாத குறையாக அடுத்த துளைக்கு நகர்ந்து அதையும் இழுத்தார். ஒவ்வொரு துணிக்கும் ஒருமுறை மேனேஜரின் முகத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் ஈரச் செருப்பை உதறிக்கொண்டு, "கடைசி நாள் வரட்டும், பேசிக்கிறேன்" என்று உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் மாமா குழாயின் திருகுபிடியைக் கழற்றி என் கையில் திணித்தார். "நான் கேட்டாலும் குடுக்காத. கால்ல விழுந்தாலும் குடுக்காத."

மறுநாள் உச்சி வெயிலிலேயே கேட்டார். "ஒரே ஒரு டம்ளர். செத்துரும் போல இருக்கு."

"தொலஞ்சு போச்சு மாமா." அது என் சட்டைப் பைக்குள்தான் கனத்துக்கொண்டிருந்தது.

இலைகள் கொட்டின. மாமா அதைப் பெருக்கி, சேற்றைத் துடைத்து, கொட்டிய இலையை எண்ணப் போய் பாதியில் பயந்து நிறுத்தினார். அத்தை நிஜமாகவே பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

கடைசி நாள் மேனேஜர் வந்தார். மாமா பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் நின்றார். அது அவரை மறைக்கவில்லை. மேனேஜர் ஒரு மொட்டைக் கிளையைப் பிடித்து வளைத்தார்.

"இது என்ன, செம்புத் துரு மாதிரி? புது நோயா?"

மாமா எட்டிப் பார்த்தார். 

"தளிரு சார்" என்றேன் நான். "வெட்சித் தளிரு அப்படித்தான் வரும்." கிளைக்குக் கிளை வந்திருந்தது.

மேனேஜர் அடுத்த கிளையையும் வளைத்துப் பார்த்தார். "தெனம் நான் வர்றதுக்கு முன்னாடி டைல்ஸத் தொடச்சிடு" என்று போய்விட்டார்.

மாமா என்னிடம் கையை நீட்டினார். திருகுபிடியைக் கொடுத்தேன். குழாயருகே போனவர் திரும்பி வந்து, தொட்டி மண்ணுக்குள் விரலை ஆழமாக விட்டு எடுத்துப் பார்த்தார். விரலில் ஈரம் ஒட்டியிருந்தது. திருகுபிடியை மறுபடி என் சட்டைப் பைக்குள் போட்டார்.

"நாளைக்கும் கேப்பேன். குடுத்துடாத."